பஸ் காசில் ஒரு பயணம்: டெல்டாக்காரர்கள் டெல்டாவைச் சுற்றிப் பார்க்க

பள்ளி விடுமுறை வந்தால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்து, அறை வாடகையைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிடும் வீடுகள் நம் பக்கம் நிறைய. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இருந்துகொண்டே, காலையில் கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற மாதிரி எங்கே போகலாம், எப்படிப் போகலாம், எவ்வளவு ஆகும் என்று சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இங்கே பார்க்க என்ன இருக்கிறது?

திருவாரூர் தேரழகு, திருவிடைமருதூர் தெருவழகு, மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இந்த நான்கையும் நேரில் பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் எத்தனை பேர்? பெரும்பாலான வீடுகளில் ஒருவர்கூடத் தேற மாட்டார்கள். பக்கத்து ஊருக்கு நாம் போவதெல்லாம் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் என்று ஏதாவது ஒரு வேலையாகத்தான். வேலை முடிந்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுகிறோம்.

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் ரயிலில் கோயில்வெண்ணி என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். கரிகாலன் சேரனையும் பாண்டியனையும் வென்ற வெண்ணிப் போர் நடந்த ஊர் அதுதான் என்பார்கள். தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்களில் பலர் அங்கே இறங்கியதே கிடையாது. பார்க்க என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இந்த ஒரு ஸ்டேஷன் போதும். இப்படி நூறு ஊர்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

தண்ணீர் தொடங்குகிற இடத்திலிருந்து தொடங்குங்கள். கோயில் பட்டியல் எதையும் கையில் எடுக்க வேண்டாம். உங்கள் ஊர் வயலுக்கு வரும் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து பிரிகிறது என்று வீட்டில் கேளுங்கள். அந்த ஆற்றின் தலைப்பை, அதாவது அது பிரியும் இடத்தை, தேடிப் போங்கள். இதைவிடச் சிறந்த சுற்றுலாத் திட்டம் நம் மண்ணில் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லா வழியும் கடைசியில் கல்லணைக்குத்தான் போய்ச் சேரும். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, ஸ்ரீரங்கத்தை நடுவில் விட்டு, கொள்ளிடமும் காவிரியுமாக ஓடி வருகிறது. கல்லணை அருகே இரண்டும் மறுபடி நெருங்குகின்றன. கொள்ளிடம் பள்ளத்தில் ஓடுவது. தடுக்க ஆளில்லாவிட்டால் காவிரித் தண்ணீர் அதில் சரிந்து நேரே கடலுக்குப் போய்விடும். அதைத் தடுத்து வயல்பக்கம் திருப்பத்தான் கரிகாலன் அங்கே கல்லைப் போட்டான். மணலில் அடித்தளம் போடுவது எப்படி என்பதை 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இந்த அணையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்.

கல்லணைப் பாலத்தின்மேல் நடந்தால் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நான்கையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். கல்லணைக் கால்வாயைப் புதாறு என்றும் சொல்வார்கள். 1934-இல் முடிந்த மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டியது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் சாப்பிடும் சோறு அந்தக் கால்வாயில்தான் வருகிறது. ஒவ்வொரு ஷட்டருக்கும் கீழே தண்ணீர் நுரைத்து விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. குழந்தைகளுக்கு அங்கே எதையும் விளக்க வேண்டியதில்லை. எந்த ஆறு நம் ஊருக்கு வருகிறது என்று மட்டும் கை காட்டுங்கள். அது போதும்.

அங்கிருந்து ஆற்றோடு இறங்கலாம். காவிரியைப் பிடித்தால் கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு வரைக்கும் சாலை ஆற்றை ஒட்டியே வரும். ஒரு பக்கம் படுகையில் வாழையும் மூங்கிலும், மறுபக்கம் வயல். ஜன்னல் சீட்டுக்காகக் கொஞ்சம் காத்திருந்து அடுத்த பஸ்ஸில் ஏறினாலும் தவறில்லை.

வெண்ணாற்றைப் பிடித்தால் இன்னும் சுவாரசியம். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிறது. நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் அதே வெண்ணாறு மறுபடி வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. கரையில் நின்றால் மூன்று வாய்க்கும் தண்ணீர் பங்கு போவதைக் கண்ணால் பார்க்கலாம். பாமணியாறு மன்னார்குடிப் பக்கம் போகிறது. கோரையாறு முத்துப்பேட்டைக் காயலில் போய்க் கலக்கிறது. கல்லணையில் ஒரு நாள், மூணாறு தலைப்பில் ஒரு நாள், முத்துப்பேட்டையில் ஒரு நாள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் ஒரே ஆற்றைத் தலையிலிருந்து கடைமடை தாண்டிக் கடல் வரைக்கும் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவ்வளவு அலைய முடியாதா? தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு டவுன் பஸ் ஏறுங்கள். சுமார் 13 கிலோமீட்டர்தான். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் வரும். ஒவ்வொரு பாலத்திலும் ஆற்றின் பெயரைப் பிள்ளைகளே சொல்லட்டும்.

எந்த மாதத்தில் போகலாம்?

தண்ணீர் கணக்கைப் பாருங்கள். மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. அணையில் இருப்பு இல்லாத வருஷங்களில் திறப்பு தள்ளிப்போகும். மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாள் ஆகும். கல்லணையில் நெல்லும் பூவும் தூவிக் கும்பிட்டுத் திறந்துவிடுவார்கள். காய்ந்து வெடித்த மணலில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாகத் தவழ்ந்து வருவதை உங்கள் ஊர் ஆற்றங்கரையில் நின்று பார்ப்பதற்கு ஒரு பைசா செலவில்லை. கடைமடை ஊர்க்காரர்கள் அதற்காக எத்தனை நாள் காத்திருப்பார்கள் என்பது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஆடிப் பதினெட்டு எப்படியும் வீட்டோடு ஆற்றங்கரைக்குப் போவீர்கள். ஒரு வருஷம் மட்டும் பழகிய படித்துறையை விட்டுவிட்டுத் திருவையாற்றுக்கோ கும்பகோணத்துக்கோ போய்ப் பாருங்கள். காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, காப்பரிசி எல்லாம் அதேதான். கூட்டமும் முறையும் ஊருக்கு ஊர் வேறாக இருக்கும்.

ஐப்பசி முழுக்க மயிலாடுதுறையின் காவிரிப் படித்துறையான துலாக் கட்டத்தில் நீராடல். ஐப்பசி கடைசி நாள் கடைமுகம், கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. கடைமுகத்தன்று ஊரே திருவிழாவாக இருக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் ஐப்பசி நடுவில் ஒரு சாதாரண நாள் போகலாம். மார்கழியும் தையும் பறவைகளுக்கு. சம்பா கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கும் வயல் நடுவே பஸ்ஸில் போவதும் அந்த மாதங்களில்தான்.

சித்திரை, வைகாசி வெயிலில் வெளியே அலையாதீர்கள். காலை 10 மணிக்குள் முடிக்கிற மாதிரி ஒன்று, மாலை 4 மணிக்கு மேல் ஒன்று, நடுவில் நிழல். கும்பகோணம் நாகேசுவரன் கோயிலில் சித்திரை 11, 12, 13 தேதிகளில் காலை வெயில் வாசல் வழியாக வந்து கருவறை லிங்கத்தின்மேல் விழும். வெயில் காலத்தில் ஒரு விடியற்காலைப் பயணத்துக்கு அது நல்ல காரணம்.

செலவு எவ்வளவு ஆகும்?

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு, கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு, பஸ்ஸிலோ பாசஞ்சர் ரயிலிலோ போனால் 500 ரூபாய்க்குள் ஒரு நாளை முடிக்கலாம். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நம் டெல்டாவில் டவுன் பஸ் என்பது டவுனுக்குள் மட்டும் ஓடுவதில்லை. கிராமங்களை எல்லாம் தொட்டுக்கொண்டு ரொம்ப தூரம் போகும். ஏறும் முன் கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புறநகர் பஸ்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது.

பாசஞ்சர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். திருச்சி, தஞ்சாவூர், பாபநாசம், கும்பகோணம், மயிலாடுதுறை ஒரு பாதை. தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர், நாகப்பட்டினம், காரைக்கால் இன்னொரு பாதை. திருவாரூரிலிருந்து திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடி போவது மூன்றாவது. இந்த மூன்று பாதையிலேயே டெல்டாவின் பாதியைப் பார்த்துவிடலாம். ரயில் நேரம் அடிக்கடி மாறுவதால் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றுமே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்கள். மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. செருப்பு வைக்கவும் டீக்கும் சில்லறை வைத்துக்கொண்டால் சரி.

கார் எடுத்தால் கணக்கே மாறிவிடும். ஆறேழு பேர் சேர்ந்தால் ஒழிய நான் காரைச் சொல்ல மாட்டேன். கொடியக்கரை ஒன்றுக்கு மட்டும் சொல்வேன்.

ஒரே ஒரு நாள்தான் லீவு. கும்பகோணம் பக்கம் எதைப் பார்ப்பது?

மூன்றே மூன்று இடம். நான்காவது வேண்டாம்.

முதலில் புள்ளமங்கை. தஞ்சாவூர்–கும்பகோணம் பாதையில் பசுபதிகோயில் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம். முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில், பெரிய கோயிலுக்கு ஏறக்குறைய நூறு வருஷம் மூத்தது. உயரத்தைப் பார்த்து மலைக்க அங்கே எதுவும் கிடையாது. கீழே குனியுங்கள். அடித்தளத்தில் உள்ளங்கை அகலக் கல்லில் ராமாயணக் காட்சிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். கட்டைவிரல் உயர உருவத்தில் ஒருவன் கோபமாக நிற்கிறான் என்பதும் இன்னொருவன் பயந்து பின்வாங்குகிறான் என்பதும் தெரிகிறது. வடக்குச் சுவரின் மாடத்தில் இருக்கும் துர்க்கையின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சிங்கம் ஒரு பக்கம், மான் ஒரு பக்கம். நம் மண்ணின் சிற்பங்களில் நான் முதலிடம் கொடுப்பது அவளுக்குத்தான். கோயில் பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள், வழி சொல்வார்கள்.

இரண்டாவது சுவாமிமலை. முருகனைப் பார்க்க 60 படி, தமிழ் வருஷங்கள் 60-க்கும் ஒவ்வொன்று. கும்பிட்டுவிட்டு இறங்கி, சிலை வார்க்கும் பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டு உள்ளே போங்கள். தென்னை ஓலையை அளவுக்கு நறுக்கி மடித்து மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று ஸ்தபதி அளந்துகொள்வார். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, கம்பி கட்டி, நெருப்பில் காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அச்சு உடைந்துபோவதால் ஒரு அச்சில் ஒரே சிலைதான். அதற்கு மேல் உளியும் அரமும் வைத்து வாரக்கணக்கில் வேலை இருக்கிறது. அந்த வண்டல் இந்த ஆற்றில்தான் கிடைக்கிறது என்று அவர்கள் சொல்லும்போது, மற்ற ஊர்களில் இல்லாத இந்தக் கைத்தொழில் இங்கே ஏன் வேர் விட்டது என்று புரியும். வேலை நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள். படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது தாராசுரம், மாலை 4 மணிக்கு மேல். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 12-ஆம் நூற்றாண்டு. சக்கரம் பூட்டிய தேர் மாதிரி மண்டபத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் ஒரே கல்லில் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பத்தைத் தேடுங்கள். ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. கருவறைச் சுவரின் அடியில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னப் பலகைகளாக ஓடுகின்றன. கண்ணப்பரைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, கங்கைகொண்ட சோழபுரம் எல்லாம் இன்னொரு நாளுக்கு. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அணைக்கரை வழியாகத் தனியாக ஒரு நாள் போங்கள். ராஜேந்திரன் கட்டிய அந்தக் கோயிலில் தன் அடியாரான சண்டேசருக்குச் சிவன் தலையில் பூச்சுற்றிவிடும் சிற்பம் இருக்கிறது. தகப்பன் பிள்ளைக்குச் செய்கிற பக்குவம் அந்த விரல்களில் தெரியும்.

பெரிய கோயிலை எத்தனை தடவை பார்ப்பது?

எழுத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சுவர் முழுக்கக் கல்வெட்டு. தான் கொடுத்தது, அக்கன் கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொல்லியிருக்கிறான் ராஜராஜன். கோயிலில் ஆடப் பல ஊர்களிலிருந்து வந்த 400 தளிச்சேரிப் பெண்களின் பெயரும் ஊரும் அவர்களுக்குக் கொடுத்த வீடும்கூட அதில் இருக்கின்றன. திருவாரூர், திருவையாறு, பழையாறு என்று நமக்குத் தெரிந்த ஊர்ப் பெயர்கள் அதில் வரும்.

நிழல் தரையில் விழாது என்பதை நம்பாதீர்கள். தாராளமாக விழுகிறது, போய்ப் பாருங்கள். 1010-இல் முடிந்த 216 அடி விமானத்துக்கு இல்லாத அதிசயத்தை ஒட்டவைக்க வேண்டிய அவசியமே இல்லை. பெரிய நந்தி நாயக்கர் காலத்தது.

கோயிலோடு நிறுத்தாமல் அரண்மனைக்கும் போங்கள். கலைக்கூடத்தில் இருக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்காக மட்டுமே ஒரு முழு மதியம் ஒதுக்கலாம். கோயில்கள் நடை சாத்தியிருக்கும் 12 மணி முதல் 4 மணி வரைக்கும் அதுதான் சரியான இடம். பக்கத்திலேயே சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம்.

பிள்ளைகள் கோயில் என்றாலே சலித்துக்கொள்கிறார்கள். வேறு என்ன?

அவர்கள் சலிப்பதில் தப்பில்லை. பறவை, மான், படகு, கோட்டை எல்லாமே நம்மிடம் உண்டு.

வடுவூர் ஏரி தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையிலேயே இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும். காவிரித் தண்ணீர் வந்து நிரம்பும் பாசன ஏரி, 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கார்த்திகைக்கு மேல் காலை 7 மணிக்குள்ளோ மாலை 5 மணி வாக்கிலோ போங்கள். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் இருக்கும். கருப்பும் வெள்ளையுமாக, அலகு நடுவில் சந்து விட்டு நிற்பது நத்தைகுத்தி. நம் வயல் நத்தைகளைத் தின்று வளரும் பறவை. பிள்ளைகள் அதை ஒரு தடவை அடையாளம் கண்டுவிட்டால் அப்புறம் வயல் வரப்பிலெல்லாம் கண்டுபிடிப்பார்கள். சத்தம் போடாமல் நிற்கப் பழக்கிவிட்டு அழைத்துப் போங்கள்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில்தான் போக வேண்டும், வனத்துறை அனுமதியோடு. முதலிலேயே வனச்சரக அலுவலகத்தில் விசாரிக்காமல் கிளம்பாதீர்கள். மரங்களைச் சுற்றிச் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் விரல் நீளத்துக்கு மேல்நோக்கி நிற்பவை மூச்சு வேர்கள். உப்புச் சேற்றுக்குள் காற்று கிடைக்காததால் வேர் வெளியே வந்து மூச்சு வாங்குகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையைப் புரட்டிப்போட்டபோது இந்தக் காடும் அடிபட்டது. திரும்பத் தழைத்து வருவதைப் பார்ப்பதே ஒரு பாடம்.

கொடியக்கரையில் வெளிமான். ஆண் மான் கருத்த உடம்பும் முறுக்கிய கொம்புமாக இருக்கும், பெண் மானுக்குப் பழுப்பு நிறம். 1967-இல் அறிவித்த சரணாலயம். குளிர்காலத்தில் சதுப்பில் பூநாரைகள் இறங்கும். வேதாரண்யத்துக்கு வந்தால் அகத்தியம்பள்ளியை விட்டுவிடாதீர்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பு எடுத்த இடம். சுற்றிலும் இன்றைக்கும் உப்பளம்தான். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளிக்கு 2023-இல் மறுபடி ரயில் விட்டார்கள். உப்பளங்களுக்கு நடுவே அந்த ரயிலில் போவது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

பட்டுக்கோட்டைப் பக்கத்தவர்களுக்கு மனோரா கைக்கெட்டும் தூரம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக இரண்டாம் சரபோஜி கடற்கரையில் எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம்.

தரங்கம்பாடிக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா?

தாராளமாக. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை, 1718-இல் கட்டிய புதிய ஜெருசலேம் ஆலயம், கடலோரத்தில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் எல்லாம் நடந்தே பார்க்கிற தூரத்தில் இருக்கின்றன. 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கேதான் தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். டேனிஷ்காரர்கள் ஊரை 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நாகப்பட்டினத்திலிருந்தோ மயிலாடுதுறையிலிருந்தோ பஸ் உண்டு. மதியம் 3 மணிக்குப் போய்ச் சேர்ந்து, கோட்டையைப் பார்த்துவிட்டு, இருட்டும் வரை கடற்காற்றில் உட்காருங்கள்.

ஆற்றில் குளிக்கலாமா?

ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், அவர்கள் குளிக்கும் ஆழத்தில் மட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒவ்வொரு வருஷமும் வெளியூரிலிருந்து ஆசையாக வந்த பிள்ளைகளை ஆற்றுக்குப் பறிகொடுத்த செய்தியைப் படிக்கிறோம். மணல் அள்ளிய இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர் ஒரே எட்டில் தலைக்கு மேல் போய்விடும். மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்குக் கீழே குழி இருப்பது தெரியாது. கல்லணை, தலைப்புகள், மதகுகள், ஷட்டர் இருக்கும் எந்த இடத்திலும் இறங்கவே கூடாது. விழுகிற தண்ணீர் கீழே சுழல் போட்டு ஆளை வெளியே விடாது. கொள்ளிடம் பாதி நாள் மணல்வெளியாகக் கிடக்கும். மேலே திறந்துவிட்டால் சீக்கிரம் ஏறிவிடும். மணலில் நடுவில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதும் வேண்டாம்.

நீச்சல் தெரிந்த மாமா கூட வருகிறார் என்பது சமாதானம் ஆகாது. கிணற்றில் பழகிய நீச்சல் ஆற்று இழுப்புக்கு நிற்காது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

மதியத்துக்குக் கட்டுச்சோறு. புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர்சாதம், மாவடு. தயிர்சாதத்தில் பாதிப் பால் ஊற்றிப் பிசைந்தால் மதியத்துக்குள் புளிக்காது. மிச்சம் பிடித்த காசில் ஊருக்கு ஊர் ஒரு பண்டம் வாங்கிச் சாப்பிடுங்கள். திருவையாற்றில் அசோகா, பாசிப்பருப்பில் செய்வது, சூடாகச் சாப்பிட வேண்டும். நீடாமங்கலத்தில் பால்திரட்டு. தஞ்சாவூரில் சந்திரகலா. நாகூரில் தர்காவுக்குப் போனால் இறால் வைத்த வாடா. கும்பகோணத்தில் காலை டிபனுக்கு இட்லியோடு கடப்பா கிடைக்கும் கடையைக் கேட்டு விசாரித்துப் போங்கள். பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்ந்த அந்தக் குழம்பை அந்த ஊரில் சாப்பிடும்போதுதான் ருசி. டிகிரி காபி என்று நெடுஞ்சாலை முழுக்கப் பலகை இருக்கிறது. கும்பகோணத்துக்குள்ளேயே குடியுங்கள்.

ராத்திரி தங்க வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. கொடியக்கரைக்கு மட்டும் வேதாரண்யத்தில் ஒரு ராத்திரி தங்கினால் விடியற்காலை மானைப் பார்க்கலாம். வேளாங்கண்ணியில் மலிவாக அறை கிடைக்கும், ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரைக்கும் மட்டும் கிடைக்காது.

நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்கலாமா?

கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் வார இறுதியில் அதற்கென்றே பஸ் விடுகிறது. வேண்டுதல் உள்ளவர்களுக்கு அது வசதி. ஊர் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதில் போக வேண்டாம். ஒன்பது வாசலும் ஒன்பது வரிசையும்தான் ஞாபகத்தில் நிற்கும். திருவெண்காட்டுக்குத் தனியாகப் போய்விட்டுப் பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

நாங்கள் பெண்கள் மட்டும் நாலு பேர் போகலாம் என்று பார்க்கிறோம். சரிப்படுமா?

நன்றாகச் சரிப்படும். எங்கள் பக்கத்தில் நாற்று நடும் அக்காமார்கள் சிலர் வேலை இல்லாத நாட்களில் இப்படித்தான் சேர்ந்து கிளம்புகிறார்கள். டவுன் பஸ் இலவசம் ஆனபிறகுதான் பலரும் மகள் வீடு தவிர வேறு ஊர் பார்த்தார்கள். இந்தக் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கடைசி டவுன் பஸ் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். உள்கிராமங்களில் சீக்கிரமே நின்றுவிடும். இன்னொன்று கழிப்பறை. புள்ளமங்கை மாதிரி சின்ன ஊர்களில் கிடைக்காது. கும்பகோணம் பஸ் நிலையம், ரயில் நிலையம், பெரிய கோயில்கள் என்று முன்கூட்டியே கணக்கு வைத்துப் பாதையைப் போடுங்கள். தண்ணீர் குடிக்காமல் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அழைத்துப் போகிற மாதிரி ஏதாவது?

ரயிலில் திருவாரூர். ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு ஆட்டோ. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்பார்கள். வேலி என்பது பழைய நில அளவு. கோயிலுக்குள் முழுக்க நடக்க வைக்காதீர்கள். கும்பிட்ட பிறகு கமலாலயக் குளத்துக் கரையில் நிழலாகப் பார்த்து உட்காரவைத்துவிட்டு, நீங்கள் தேர்நிலையில் ஆழித்தேரைப் பார்த்துவிட்டு வரலாம். ஓடும் தேரைப் பார்க்க வேண்டும் என்றால் கூட்டத்துக்கு அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். அதற்கு நீங்கள் மட்டும் போங்கள். திரும்புகிற ரயிலை மாலை வெளிச்சம் இருக்கும்போதே பிடித்து, போகும்போது வலது பக்கம் உட்கார்ந்திருந்தால் வரும்போதும் வலது பக்கமே உட்காருங்கள். தண்டவாளத்தின் மறுபக்கத்து வயலையும் அம்மா பார்த்துவிடலாம்.